புல்வெளி வண்ணத்துப்பூச்சியும் அதன் பகைவர்களும்



வண்ணத்துப்பூச்சி என்றதும் நம் நினைவுக்கு வருவன பூவும் தேனும்தாம். அதற்கும் பகைவர்கள் உண்டு. அந்தப் பகைவர்களுக்கும் பகைவர்கள் உண்டு. இதை அறிந்துகொள்ள நாம் வடக்கே நெடுந்தூரம் போகவேண்டும்.

பால்டிக் கடலில், பின்லாந்து நாட்டுக்குரிய ஓலந்துத் தீவுகள் இருக்கின்றன. அங்கே ஏறத்தாழ 4,000 சிறு புல்வெளிகள் பாறைகளுக்கும் காடுகளுக்கும் இடையில் சிதறிக் கிடக்கின்றன. செம்மஞ்சள் நிறமும் கறுப்புக் கட்டங்களும் கொண்ட கிளான்வில் வண்ணத்துப்பூச்சி வாழ்வது அங்கேதான். ஹெல்சிங்கி பல்கலைக்கழகப் பேராசிரியர் இல்கா ஹான்ஸ்கி தொடங்கிவைத்த ஆய்வின் பயனாக, 1993 முதல் ஆண்டுதோறும் இதைக் கணக்கெடுத்து வந்திருக்கிறார்கள். எந்த ஆண்டிலும் பெரும்பாலான புல்வெளிகள் வெறுமையாகவே இருக்கும். ஓரிடத்தில் பூச்சி அற்றுப்போகும். மற்றோரிடத்தில் புதிதாகக் குடியேறும்.

தாய்ப்பூச்சி ஜூன் மாதத்தில் முட்டைகளைக் குவியலாக இடுகிறது. நம் மருந்துக்கடைகளில் விற்கும் இசப்கோல் உமியைத் தருகிறதே ஒரு செடி, அதன் உறவான ஒரு புல்வெளிச் செடியின் இலைதான் பெரும்பாலும் அதற்குத் தொட்டில். பொரித்த புழுக்கள் பட்டுநூலால் கூடு பின்னி, குளிர்காலம் முழுவதையும் அதற்குள் ஒன்றாகக் கழிக்கின்றன.

முதற்பகைவன் ஹைபோசோட்டர் என்னும் குளவி. முட்டைக்குள் புழு முழுதாக உருவாகி, ஓட்டை உடைத்து வெளிவரும் தறுவாயில்தான் அது தன் முட்டையை உள்ளே செலுத்தமுடியும். அந்த வாய்ப்பு மிகக் குறுகிய நேரமே நிற்கும். ஆகவே குளவி முட்டைக்குவியல்களை முன்கூட்டியே தேடிக் கண்டு, இடத்தை நினைவில் வைத்து, மீண்டும் மீண்டும் வந்து பார்த்துப் போகிறது! கடன் கொடுத்தவர் கூட இத்தனை முறை வரமாட்டார். ஆயினும் ஒரு குவியலில் சுமார் மூன்றில் ஒரு பங்கைத் தாக்கியதும் சுற்றிலும் ஓர் அடையாள மணத்தைப் பூசிவிட்டு அகன்றுவிடுகிறது. பின்னால் வரும் குளவிகள் அம்மணத்தை உணர்ந்து விலகுகின்றன. எஞ்சிய புழுக்கள் பிழைப்பது இதனால்தான்.

இரண்டாவது பகைவன் கொட்டீசியா என்னும் சிறு குளவி. இது தொலைவு பறக்காது. அருகருகே புல்வெளிகள் இருந்தால்தான் வாழும். இதனோடு வண்ணத்துப்பூச்சி நடத்தும் போட்டியில் நடுவராக இருப்பது சூரியன். வசந்தத்தின் தொடக்கத்தில் காற்று குளிர்ந்திருந்தாலும் வெயில் அடித்தால், கறுத்த புழுக்கள் ஒன்றுகூடிக் காய்ந்து உடலைச் சூடாக்கிக்கொண்டு விரைந்து வளரும். குளவியின் வெண்ணிறக் கூடுகளோ நிழலில் அசையாமல் கிடப்பவை. காற்றின் குளிரே அவற்றின் குளிர். குளவி வெளிவருவதற்குள் புழுக்கள் கூட்டுப்புழுவாகிவிட்டால் அதற்கு இரை இல்லை. காற்று வெதுவெதுப்பாக இருக்கும் ஆண்டிலோ வெற்றி குளவிக்கு. போதாக்குறைக்கு, எறும்பு போன்ற இறகற்ற வேறொரு குளவி அக்கூடுகளைத் துளைத்துத் தன் முட்டையை இடுகிறது.

ஹைபோசோட்டருக்கும் இத்தகைய எமன் உண்டு. மெசோகோரஸ் என்னும் குளவி, வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்குள் இருக்கும் குளவிப்புழுவைத் தேடி, அதனுள் முட்டையிடுகிறது. ஹைபோசோட்டர் குளவிகள் சிலவற்றின் உடலில் வொல்பாக்கியா என்னும் பாக்டீரியா குடியிருக்கிறது. அது உள்ள குளவிகள் இந்த எமனிடம் எளிதில் அகப்படுகின்றன என்று ஆய்வாளர் கண்டனர்.

இவையெல்லாம் எவ்வளவு இறுகப் பிணைந்தவை என்பது சொட்டுங்கா என்ற தீவில் தெரியவந்தது. இவ்வண்ணத்துப்பூச்சி இல்லாதிருந்த அத்தீவில், 1991-இல் அதன் புழுக்களைக் கொண்டுபோய் விட்டார்கள். விட்டது வண்ணத்துப்பூச்சியை மட்டுமே என்பது எண்ணம். ஆனால் சில புழுக்களுக்குள் ஹைபோசோட்டர் இருந்தது. அதற்குள் மெசோகோரஸும் இருந்தது. பாக்டீரியாவும் கூடவே போயிற்று. 2021-இல் வெளியான ஆய்வின்படி, இடையில் எண்ணிக்கை பலமுறை சரிந்தும்கூட, முப்பதாண்டுகளுக்குப் பின்னும் நான்கும் அங்கே வாழ்ந்துகொண்டிருந்தன.