அண்ணன் அமெரிக்காவில், தம்பி இத்தாலியில்



பிறந்த மண்ணை விட்டு வந்த இடத்தில் சங்கம் கண்டவர்கள் நாம் மட்டும் அல்லர். அமெரிக்காவில் குடியேறிய இத்தாலியரைப் பற்றி இன்று சில சொற்கள் கூற விழைகின்றேன்.

1901 முதல் 1910 வரை மட்டும் 20 லட்சத்துக்கு மேற்பட்ட இத்தாலியர் அந்நாட்டை அடைந்தனர். ஒவ்வோர் ஊராரும் தத்தம் ஊர்ப் பெயரால் சங்கம் அமைத்துச் சிறு சந்தா திரட்டி, நோயுற்றவனுக்கு உதவித்தொகையும் இறந்தவனுக்கு அடக்கச் செலவும் அளித்தனர். 1905-இல் வின்சென்சோ செல்லாரோ என்னும் மருத்துவர் நியூயார்க்கில் ‘இத்தாலியின் மைந்தர்’ சங்கத்தை நிறுவி, ஊர்வாரியாகப் பிரிந்து கிடந்தோரை ஒரு குடைக்கீழ்க் கொணர முற்பட்டார்.

1924-இல் அவர்கள் தலையில் இடி விழுந்தது. நாட்டுவாரி ஒதுக்கீட்டுச் சட்டம் இத்தாலிக்கு ஆண்டுக்கு 3,845 பேர் என வரம்பு கட்டிற்று. 1952-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அவ்வெண் 5,645 என்றே வகுக்கப்பட்டது. பிரிட்டனுக்கோ 65,000-க்கு மேல். அதிற் பெரும்பகுதி கேட்பாரற்று வீணாயிற்று. மீந்ததைப் பிற நாட்டாருக்கு மாற்றவும் வழியில்லை. பெட்டி காலியாக ஓட, காத்திருப்போர் பட்டியலில் உள்ளவனைப் பிளாட்பாரத்திலேயே நிறுத்தும் விதி இது! ரயில்வே குமாஸ்தாவாகிய எனக்கு இதன் நியாயம் விளங்கவில்லை.

இதன் கொடுமையை உடன்பிறந்தோரே மிகுதியும் அனுபவித்தனர். அமெரிக்கக் குடியுரிமை பெற்ற அண்ணன் முறைப்படி மனுச் செய்தாலும், தம்பிக்கும் தங்கைக்கும் முறை வருவதற்குள் ஆண்டுகள் பல கழிந்தன. பெற்றோர் முதுமையுற்று மறைந்த பின்னரும் மனு மட்டும் உயிரோடிருந்தது.

1952-இல் நீதிபதி ஜுவெனல் மார்க்கிசியோவின் தலைமையில் ‘இத்தாலியர் குடிபெயர்வுக்கான அமெரிக்கக் குழு’ தோன்றியது. 1953-ஆம் ஆண்டு அகதிகள் நிவாரணச் சட்டம் இத்தாலியர்க்கு 60,000 விசா அளித்தது. எனினும் வருவோனுக்கு வேலையும் வீடும் உண்டென்று அங்குள்ள ஒருவர் உறுதி கூறவேண்டும். அத்தகையோரைத் தேடிப் பிடிப்பது குழுவின் தலையாய பணிகளுள் ஒன்றாயிற்று. விருந்து வைத்து நிதி சேர்ப்பது, காங்கிரஸ் உறுப்பினர்க்குக் கடிதம் எழுதுவது ஆகிய சலிப்பூட்டும் வேலைகளும் இருந்தன. சங்கப் பணி என்பது பெரும்பாலும் அவ்வளவுதானே!

1963 ஜூன் 11-இல் அக்குழுவின் பிரதிநிதிகளைக் குடியரசுத் தலைவர் கென்னடி வெள்ளை மாளிகையில் வரவேற்றார். மறு மாதமே ஒதுக்கீட்டு முறையை ஒழிக்குமாறு காங்கிரசுக்குச் செய்தி விடுத்தார். அவர் கொலையுண்ட பின் ஜான்சன் அப்பணியைத் தொடர்ந்தார். 1965 அக்டோபர் 3-இல் சுதந்திரதேவி சிலையின் அடியில் புதிய சட்டம் கையெழுத்தாயிற்று. குடியுரிமை பெற்றோரின் உடன்பிறந்தார்க்கென்று அதில் நூற்றுக்கு 24 பங்கு வகுக்கப்பட்டது.

அச்சட்டத்தைக் காங்கிரசில் முன்னின்று நடத்திய இமானுவேல் செல்லர், 1924-ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்தவர். 1946-இல் இந்தியர்க்கு ஆண்டுக்கு 100 இடம் கிடைக்க உழைத்தவர்களுள் ஒருவர். பிற்காலத்தில் இத்தாலி செழிப்புற்று அங்கிருந்து செல்வோர் குறைந்தனர். அவர்கள் முட்டித் திறந்த கதவின் வழியே நம் நாட்டு மருத்துவரும் பொறியியலாரும், அவர்களைத் தொடர்ந்து அவர்தம் தம்பி தங்கையரும் சென்றனர்.