தூக்க வில்லையும் நம் கொழுந்தும்

(றக்வான தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"ராத்திரியில் தூக்கமே வருவதில்லை" என்ற பேச்சைப் பிரட்டுக்களத்திலும் கேட்கிறோம், லயத்து வாசலிலும் கேட்கிறோம். இந்த நேரம் பார்த்துப் போனில் விளம்பரம் வருகிறது: 'தியானின்' வில்லையைப் போட்டால் மனம் அமைதியாகும், தூக்கம் வரும் என்று. தேயிலையில் உள்ள சத்து என்றதும் நமக்கு நம்பிக்கை வந்துவிடுகிறது. காசைக் கொடுக்கும் முன் விஷயத்தைத் தெரிந்துகொள்வோம்.

தியானின் ஓர் அமினோ அமிலம். 1949இல் ஜப்பானில் பச்சைத் தேயிலையில் இதைக் கண்டறிந்தார்கள். தேயிலைச் செடி இதை வேரில் உண்டாக்கிக் கொழுந்துக்கு அனுப்புகிறது. நாம் கிள்ளும் இரண்டு இலையிலும் மொட்டிலும் அது இருக்கிறது. ஆனால் கடையில் விற்கும் தியானினில் பெரும்பகுதி தொழிற்சாலையில் தயாரிப்பது. நம் கொழுந்துக்கும் அந்த டப்பாவின் விலைக்கும் சம்பந்தமில்லை.

அது வேலை செய்யுமா? 200 மில்லிகிராம் அளவில் கொடுத்துப் பார்த்த சில சிறிய ஆய்வுகளில், சிலருக்குப் பதற்றம் கொஞ்சம் தணிந்தது. ஆனால் மன அழுத்தம் குறையும், தூக்கம் சரியாகும் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று 2011இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகார சபை முடிவு சொன்னது. பிரஷர் மாத்திரையோ தூக்க மாத்திரையோ எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது.

"அப்படியானால் தேத்தண்ணியே குடித்தால் போதாதா?" என்று கேட்பீர்கள். ஒரு கோப்பையில் தியானின் கொஞ்சம்தான். கூடவே தூக்கத்தைக் கலைக்கும் கஃபீனும் இருக்கிறது. குடித்து ஐந்து மணி நேரம் போனாலும் அதில் பாதியளவு உடம்பில் நிற்கும். ஆகவே பொழுது சாய்ந்தபின் சாயம் கூடிய பிளேன்டீயைக் குறையுங்கள். இதற்குக் காசு செலவில்லை.

தோழர்களே, நம் தூக்கத்தைக் கெடுப்பது தியானின் குறைவா? விடியுமுன் எழும்பிச் சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, மலைக்கு ஓடுகிறோம். நிறை குறைந்தால் அரைப் பேர். ஒரு காம்பராவில் மூன்று தலைமுறை. கிழமைதோறும் வாசலுக்கு வரும் நுண்கடன்காரர். பெற்றோர் தூங்காத வீட்டுப் பிள்ளை வகுப்பில் தூங்கி விழுவதை ஆசிரியர்களாகிய நாம் தினமும் பார்க்கிறோம். இதற்கு வில்லை கிடையாது.

2021இல் 1,000 ரூபாவும் 2024இல் 1,350 ரூபாவும் நாட்சம்பளமாக வந்தது நாம் ஒன்றாக நின்று கேட்டதால். நிறைக்கும் வீட்டுக்கும் அப்படியே கேட்க வேண்டும்.

சம்பளச் சிட்டையில் பேர் குறைந்திருந்தால், கடன் புத்தகம் புரியாவிட்டால், அதை எடுத்துக்கொண்டு தலைவரிடமோ எங்களிடமோ வாருங்கள். வாரக்கணக்கில் தூக்கமில்லை, வாழ்க்கையே வெறுக்கிறது என்றால் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்குப் பேசுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. தனியாக முழித்துக் கிடக்காதீர்கள். பக்கத்துக் காம்பராவிலும் ஒருவர் முழித்துத்தான் கிடக்கிறார்.