ஊர் நூலகத்திற்கு ஒரு மின்னூல் கருவி
(கூரத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



ஊர்ப் பொதுப் பணத்தில் நூலகத்திற்கு ஒரு மின்னூல் கருவி வாங்கக் கருதியுள்ளீர்கள். வாசிப்புக்கெனப் பொருள் ஒதுக்குவது இவ்வூருக்குப் புதிதன்று. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மன் அளித்த கூரம் செப்பேடு, இங்கிருந்த மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கும் பங்கு வைத்துள்ளது. அச்செப்பேட்டை எழுத்தறிந்தவர் எவரும் இன்றும் படிக்கலாம்.

பூட்டிட்ட மின்னூலின் நிலை வேறு. 2009-இல் அமேசான் நிறுவனம், தான் விற்ற ஆர்வெலின் இரு நூல்களை வாங்கியோரின் கிண்டில் கருவிகளிலிருந்தே அழித்துவிட்டது. பணம் திரும்பியது, நூல் போயிற்று. வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி வைக்கும் வசதியையும் 2025 பிப்ரவரியில் அந்நிறுவனம் நிறுத்திற்று. காசுமீரத்தில் போதாயன விருத்தியைத் திரும்பப் பறித்துக்கொண்டபோது, இரவிலே படித்து மனத்தில் ஏற்றியிருந்த கூரத்தாழ்வானால் அது பிழைத்தது என்று குருபரம்பரைக் கதை கூறும். நமக்கு அந்த நினைவாற்றல் ஏது? கோப்பு நம் கையில் இருத்தல் வேண்டும்.

ஆகவே, ‘ஈபப்’ என்னும் பொது வடிவத்தை நேரே திறக்கும் கருவியையே தேடுங்கள். கோபோ, பாக்கெட்புக் ஆகியன அத்தகையவை. நம் பக்கத்துக் கடைகளில் எளிதில் அகப்படாமை ஒரு குறை. பணம் கொடுக்குமுன் ஒரு தமிழ் நூலைக் கம்பிவழி ஏற்றித் திறந்து பாருங்கள். ‘கொ’, ‘கோ’ முதலிய எழுத்துகளில் கொம்பும் காலும் இடம் மாறி நின்றால், அக்கருவி நமக்கு உதவாது. மின்தாள் திரை கண்ணைக் கூசச் செய்யாது. பகலெல்லாம் தறியில் இழை பார்த்த கண்களுக்கு அது பெரிய ஆறுதல்.

நூல்களுக்குப் பஞ்சமில்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் சங்க நூல்கள் முதல் பலவற்றை இலவசமாக அளிக்கிறது. 2013-இல் தோன்றிய ‘ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்’ தளத்தில், ஆசிரியர்களே பகிர ஒப்பிய இக்கால நூல்கள் ஈபப் வடிவிலேயே கிடைக்கின்றன. அரசு 1949-இல் நாட்டுடைமையாக்கிய பாரதியின் எழுத்தையும், பின்னர் நாட்டுடைமையான கல்கியின் கதைகளையும் தயக்கமின்றி ஏற்றலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமோ பெருங்கடல். எனினும் அங்குள்ளவை பெரும்பாலும் பக்கங்களின் படங்களாதலின், ஆறங்குலத் திரையில் எழுத்து எறும்பாகத் தெரியும். அவற்றைக் கணினியில் படிப்பதே நன்று.

கருவி வருமுன்னரே இளைஞர் இருவர் நூற்பட்டியல் ஒன்று தயாரிக்கட்டும். இறக்கிய கோப்புகளின் படி ஒன்று நூலகக் கணினியிலும், மற்றொன்று ஊராட்சி அலுவலகத்திலும் இருக்கட்டும்.