வட்டு போயிற்றா, வழி போயிற்றா?

பிறந்த ஊரை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு மடிக்கணினி வெறும் அலுவல் கருவி அன்று. ஊரிலுள்ள நிலத்தின் பட்டா நகல், பிள்ளைகளின் சான்றிதழ்கள், திருவிழாப் படங்கள், மறைந்துவிட்ட பெரியோரின் குரல் ஆகிய எல்லாம் அதனுள்ளேதான் குடியிருக்கின்றன. முன்னாளில் நாம் ஊரிலிருந்து சுமந்துவந்த தகரப் பெட்டியின் இடத்தை இன்று அது பெற்றிருக்கிறது. அப்பெட்டி ஒருநாள், 'என்னிடம் ஒன்றுமில்லை' என்று சொன்னால் மனம் என்ன பாடுபடும்!

எனக்கு அந்த அனுபவம் நேர்ந்தது. திரை இருண்டுபோன என் மடிக்கணினியைப் பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் கொடுத்தேன். அவர் அதன் பயாஸை அழித்துப் புதிதாக எழுதினார். திரை ஒளிர்ந்தது, ஆனால் விண்டோஸ் தொடங்காமல் நீலத் திரையோடு நின்றது. மீண்டும் நிறுவ முயன்றார். வட்டுகளின் பட்டியல் வெறுமையாக இருந்தது. "எஸ்.எஸ்.டி. போய்விட்டது, புதியது போடுங்கள்" என்று தீர்ப்புக் கூறினார். அவ்வட்டில் என் தந்தையார் தம் கடைசி ஆண்டில் பேசிய பதிவுகள் இருந்தன. வேறு பிரதி இல்லை. ஆகவே அத்தீர்ப்பை ஏற்க என் மனம் ஒப்பவில்லை. அதன்பின் நான் கற்றறிந்ததையே இன்று உங்களுக்குச் சொல்லுகிறேன்.

பயாஸ் என்று நாம் வழங்கும் நிலைப்பொருள், தாய்ப்பலகையிலுள்ள சிறிய சில்லு ஒன்றில் இருக்கிறது. நம் கோப்புகளோ எஸ்.எஸ்.டி.யில் இருக்கின்றன. இவை வெவ்வேறு இடங்கள். ஒன்றை அழித்து எழுதுவதனால் மற்றொன்றில் உள்ளவை அழிவதில்லை. வாயிற்காவலனை மாற்றினோம், புதியவனுக்கு வீட்டாரின் முகம் தெரியவில்லை. நிகழ்ந்தது பெரும்பாலும் இவ்வளவே.

எனவே முதலில் பயாஸ் திரைக்குள் சென்று, வட்டின் பெயர் அங்கே காணப்படுகிறதா என்று பாருங்கள். பெயர் இருந்தால், வட்டு பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கிறது என்று ஆறுதல் கொள்ளலாம். அப்போது ஆராய வேண்டியவை இரண்டு.

ஒன்று, வட்டோடு பேசும் முறை. பயாஸை எழுதியதும் அமைப்புகள் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடும். ஏ.எச்.சி.ஐ., ரெய்டு என இம்முறைகள் பலவகை. 2020-இல் வெளிவந்த இன்டெல் 11-ஆம் தலைமுறைச் செயலிகள் தொட்டு, வி.எம்.டி. என்பதும் பல மடிக்கணினிகளில் இடம்பெற்றது. விண்டோஸ் எந்த முறையில் நிறுவப்பட்டதோ, அம்முறை மாறினால் அது தன் வட்டையே அடைய இயலாமல் நிற்கும். வி.எம்.டி. இயங்கும்போது, அதற்குரிய டிரைவர் இல்லாத நிறுவல் நிரலுக்கும் வட்டு தென்படாது. முறையை முன்போல் மாற்றிவைப்பதே இதற்கு மருந்து.

இரண்டு, தொடங்கும் வழி. எந்த வட்டின் எந்தக் கோப்பிலிருந்து தொடங்குவது என்னும் குறிப்பும் அழிந்திருக்கலாம். யு.இ.எஃப்.ஐ., பழைய லெகசி ஆகிய இரண்டில், முன்பு இருந்தது எதுவோ அதையே தெரிவு செய்து, தொடக்க வரிசையில் வட்டைச் சேர்க்க வேண்டும்.

பயாஸ் திரையிலேயே பெயர் இல்லையென்றால்? மின்னிணைப்பை நீக்கி, பேட்டரியையும் கழற்றச் செய்து, வட்டை எடுத்து மீண்டும் சரியாகப் பொருத்திப் பாருங்கள். அப்போதும் தோன்றாவிடில், அதை யு.எஸ்.பி. உறையில் இட்டு வேறு கணினியில் சோதிக்கலாம். எம்.2 வட்டுகளில் சாட்டா, என்.வி.எம்.இ. என இருவகை உண்டு. உறை அதற்கேற்றதாக இருத்தல் அவசியம். அங்கே வட்டு தெரிந்தால் குறை மடிக்கணினியில் இருக்கிறது. வேறொரு மாதிரிக்குரிய பயாஸை எழுதியிருக்கவும் கூடும். அங்கும் தெரியாவிடில்தான் வட்டின்மேல் ஐயம் கொள்ளவேண்டும்.

இச்சோதனையின்போது, வட்டை 'ஃபார்மட்' செய்யவா என்று கணினி கேட்கலாம். ஒருபோதும் இசையாதீர்கள். வட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். பலருக்கு அது அவர்களுடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும்.

என் மடிக்கணினியில் விண்டோஸ் நிறுவப்பட்டபோது வி.எம்.டி. அணைக்கப்பட்டிருந்தது; பயாஸை எழுதியதும் அது தானே உயிர்பெற்றுவிட்டது. அந்த ஓர் அமைப்பை மீண்டும் அணைத்தேன். விண்டோஸ் எழுந்தது. அன்றிரவு என் தந்தையார், வயலுக்குத் தண்ணீர் வந்த கதையை மறுபடியும் எனக்குச் சொன்னார்.

அன்பர்களே, பயாஸைத் தொடுமுன் கோப்புகளுக்கு ஒரு பிரதி எடுங்கள். இயலுமாயின் பயாஸ் அமைப்புகளைக் கைபேசியில் படம் பிடித்து வையுங்கள். பிட்லாக்கர் சாவியைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சில்லில் இருக்கும் பழைய பதிவைப் பத்திரப்படுத்திய பிறகே புதியதை எழுதுமாறு பழுதுபார்ப்பவரிடம் சொல்லுங்கள். மொழி தெரியாத ஊராயினும் இந்த ஒரு வாக்கியத்தை அவ்வூர் மொழியில் கற்றுக்கொள்வது நன்று.