எந்த வாசலுக்கு எந்த ரோசா?

(மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"நம்ம லயத்துல ரோசா வராதுங்க" என்று பலர் எங்களிடம் சொல்கிறார்கள். குளிர் ரோசாவுக்குப் பகை அல்ல. 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ரோசா பூக்கிறதே! இடம் பார்க்காமல் வைப்பதால்தான் செடி சாகிறது. கொடுத்த காசும் வீண்.

முதலில் வெயிலைப் பார்ப்போம். நாளுக்கு 6 மணி நேரம் வெயில் விழும் வாசலில் பெரிய பூ ரோசா வைக்கலாம். வேலி ஓரம் கொடி ரோசாவுக்கு நல்லது. கிளைகளைச் சாய்த்துக் கட்டினால் பூ கூடும். இடமே இல்லையா? பழைய தகரத்தின் அடியில் ஓட்டை போட்டு, இஸ்தோப்பில் வெயில் படும் பக்கம் சின்ன ரோசா வையுங்கள். மருந்து இருந்த தகரம் மட்டும் வேண்டாம்.

கான் ஓரம் வைக்காதீங்க. தண்ணி தேங்கினால் வேர் அழுகும். பிள்ளைகள் ஓடும் பாதையிலும் முள்ளுச்செடி ஆகாது.

தேயிலைக்கு ஏற்ற மண் புளிப்பு மண். ரோசாவுக்கு அவ்வளவு புளிப்பு ஒத்துவராது. குழி மண்ணில் மக்கிய சாணமும், ஒரு பிடி விறகுச் சாம்பலும் கலப்போம்.

கவ்வாத்து நமக்குப் புதிதா? காய்ந்த கிளையையும், உள்ளே நெருக்கும் கிளையையும் வெட்டிக் காற்று விடுவோம். மழைக்காலத்தில் கரும்புள்ளி விழுந்த இலைகளைப் பொறுக்கி அப்புறப்படுத்துவோம். மலைக்கு அடிக்கிற மருந்தை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்; நம் பிள்ளைகள் விளையாடும் வாசல் அது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை, காலையிலும் பின்னேரத்திலும் வாசலில் நின்று வெயில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். செடியைப் பிறகு வாங்குவோம்.