தொடுகிற கை, எண்ணுகிற குரல்

(செவிலியர், மருத்துவமனைப் பணியாளர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, கவிதை வாசிக்கச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். எதிரே பார்த்தால் பாதிக்கு மேல் ஆப்பரேஷன் தியேட்டரிலும் வார்டிலும் வேலை பார்க்கிற பெண்கள். கவிதையை அப்புறம் வச்சுக்கலாம். கத்திக்குக் கீழே கிடக்கிற உடம்புக்காக அந்த நேரத்தில் யார் வாய் திறப்பது என்பதைப் பேசலாம்.

அண்ணல் அம்பேத்கர் தம் அனுபவக் குறிப்புகளில் ஒரு கடிதத்தை எடுத்துக்காட்டுகிறார். 1929 டிசம்பரில் 'யங் இந்தியா'வில் வந்தது. எழுதியவர் காத்தியவார் பகுதியில் ஒரு தீண்டப்படாத பள்ளி ஆசிரியர். பிள்ளை பெற்ற மனைவிக்கு உடம்பு மோசமாகிவிட்டது. மருத்துவர் சேரிக்குள் வர மாட்டேன் என்றார். ஊர்ப் பெரியவர்களைப் பிடித்து, ரெண்டு ரூபாய் தருவதாகச் சொன்ன பிறகு, சேரிக்கு வெளியே கொண்டுவந்தால் பார்ப்பேன் என்றார். தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுத்தார். அவர் கணவரிடம் கொடுத்தார், கணவர் மனைவியிடம். அதே வழியில் திரும்பி வந்தது. நிமோனியா என்று சொல்லிவிட்டு மருத்துவர் போய்விட்டார். அந்தப் பெண் இறந்துபோனாள்.

இன்றைக்கு மருத்துவமனையில் நம்மைத் தொடுகிறார்கள். ஆனால் கேட்கிறார்களா? என் அத்தைக்கு ஒரு மருத்துவமனையில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். எதை எடுத்தார்கள் என்பதே அவங்களுக்கு ஆறு மாசம் கழிச்சுத்தான் தெரியும். கைநாட்டு வாங்கினவங்க யாரும் சொல்லவில்லை. "பெரிய டாக்டர்கிட்ட போயி என்னத்தக் கேக்குறது" என்பாங்க அத்தை. இந்த வாக்கியத்தை நம்முடைய தெருவில் எத்தனை வாயிலிருந்து கேட்டிருக்கிறோம்!

உலக சுகாதார நிறுவனம் 2008இல் அறுவை சிகிச்சைக்கு ஒரு சரிபார்ப்புப் பட்டியல் போட்டது. ஒரே பக்கம், 19 அம்சங்கள். மயக்க மருந்துக்கு முன்பு, அறுப்பதற்கு முன்பு, தியேட்டரை விட்டு வெளியே கொண்டுபோவதற்கு முன்பு என்று மூன்று முறை நிறுத்திப் பார்க்கணும். முதல் கேள்வியே நோயாளியிடம்தான்: பேரு என்ன, என்ன ஆப்பரேஷன், எந்த இடத்தில், சம்மதமா. அடுத்த கட்டத்தில் அங்கே நிற்கிற ஒவ்வொருவரும் தன் பெயரையும் தன் வேலையையும் சொல்லணும். பெரிய சர்ஜனும் சொல்லணும், ஸ்டாஃப் நர்சும் சொல்லணும். நம் நாட்டு தியேட்டரில் இது சின்ன விசயமில்லை. கடைசியில் செவிலியர் வாய்விட்டுச் சொல்லணும்: கருவி, மாப், ஊசி எல்லாம் எண்ணியாச்சு.

டெல்லி உட்பட எட்டு நகரங்களில் எட்டு மருத்துவமனைகளில் இதைச் சோதித்தார்கள். முடிவு 2009இல் வெளிவந்தது. சாவு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆனது. சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7க்கு இறங்கின.

நான் வங்கியில் காசு எண்ணுகிறவன். சாயங்காலம் கணக்கு முடிக்கும்போது நான் எண்ணியதை அதிகாரி சரிபார்க்காமல் பணம் உள்ளே போகாது. இரும்பறைக்கு ரெண்டு சாவி, ரெண்டு பேர் கையில். நூறு ரூபாய் குறைந்தாலும் யாரும் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. காகிதத்துக்கு இவ்வளவு காவல். வயிற்றுக்குள் போன மாப் துணிக்கு?

"டாக்டர், ஒரு மாப் குறையுது" என்று ஒரு சிஸ்டர் சொன்னால் தையலை நிறுத்தணும், தேடணும், கிடைக்கலைன்னா எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கணும். அதுக்காகவே அந்தத் துணியில் எக்ஸ்ரேயில் தெரிகிற நூலை வைத்து நெய்கிறார்கள். ஆனால் அதைச் சொல்ல வேண்டிய பெண்ணை "கோட்டாவுல வந்தவதானே, எண்ணத் தெரியுதான்னு பாரு" என்று ஒருமுறை ஏசிவிட்டால் போதும். அடுத்த முறை அவள் தயங்குவாள். தியேட்டருக்குள் சாதி இல்லை என்று சொல்கிறவர்கள் இந்தத் தயக்கத்தை எதில் சேர்ப்பார்கள்?

எந்த உடம்புக்கு நிதானம், எந்த உடம்புக்கு அவசரம் என்பதையும் பார்க்கணும். 2012 ஜனவரியில் பீகாரின் அராரியா மாவட்டத்தில் ஒரு அரசுப் பள்ளிக்கூடத்தில் ராத்திரி டார்ச் வெளிச்சத்தில், ரெண்டு மணி நேரத்தில் 53 பெண்களுக்குக் கருத்தடை அறுவை செய்தார்கள். மேசை, பள்ளிக்கூட மேசை. ஒருத்தி மூன்று மாசக் கர்ப்பிணி; சோதிக்கவே இல்லை. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே ஒரே முகாமில் 83 பெண்கள், ஒரே மருத்துவர், சில மணி நேரம். ஒரு குழு ஒரு நாளைக்கு 30க்கு மேல் செய்யக்கூடாது என்று அரசின் வழிகாட்டுதல் இருந்தது. அந்த மாவட்டத்தில் அந்த வாரம் நடந்த முகாம்களில் 13 பெண்கள் செத்தார்கள். தலித், ஆதிவாசி, பிற்படுத்தப்பட்ட ஏழைப் பெண்கள். 2016இல் உச்ச நீதிமன்றம் இந்த முகாம்களையே மூன்று ஆண்டுக்குள் நிறுத்தச் சொன்னது. அங்கே பட்டியல் இல்லாமல் போகவில்லை. "நிறுத்துங்க" என்று சொல்லக்கூடிய ஆள் இல்லை, சொன்னாலும் கேட்கிற ஆள் இல்லை.

தியேட்டர் கதவைத் தாண்டி வந்தாச்சுன்னா பிழைச்சாச்சு என்று நம் சனம் நினைக்கிறது. உள்ளே ரத்தம் கசிந்தால் முதலில் நாடி வேகமெடுக்கும், ரத்த அழுத்தம் பிறகுதான் விழும். குளிர்ந்த வியர்வை, ஒரு பதற்றம், மூத்திரம் குறைவது. இதையெல்லாம் பக்கத்தில் போய்த் தொட்டுப் பார்க்கிற கைதான் கண்டுபிடிக்கும். விரலில் மாட்டுகிற ஆக்சிஜன் கருவியை மட்டும் நம்ப முடியாது. அமெரிக்காவில் 2020இல் வந்த ஆய்வில், ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருப்பதை அந்தக் கருவி தவறவிடுவது வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு என்று தெரிந்தது. கருவிக்கும் தோல் நிறம் கண்ணில் படுகிறது போல. நாக்கைப் பாருங்க, உதட்டைப் பாருங்க, மூச்சை எண்ணுங்க.

ஆனால் ராத்திரி முழுக்க நாற்பது படுக்கைக்கு ஒரு சிஸ்டரை நிறுத்திவிட்டு அந்தக் கையைத் தேடினால் எங்கே கிடைக்கும்? 9 ஐரோப்பிய நாடுகளில் செய்து 2014இல் வெளியான ஆய்வு, ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடினால் அறுவை முடிந்தவர் 30 நாளில் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுவதாகச் சொல்கிறது. ஆகவே ஆள் போடு என்று நீங்கள் கேட்பது சம்பளச் சண்டை மட்டுமில்லை. ஒப்பந்தத்தில் தியேட்டர் தரையிலிருந்து ரத்தம் துடைக்கிற அம்மாவுக்குக் கையுறை கேட்பதும் நோயாளிக்காகவும்தான்.

இந்தக் கூட்டம் ரெண்டு தீர்மானம் போடட்டும். அந்த ஒரு பக்கப் பட்டியல் நல்ல தமிழில், நம் அத்தைகளுக்குப் படித்துக்காட்டும்படி, ஒவ்வொரு வார்டு சுவரிலும் ஒட்டப்படணும். எண்ணிக்கை சரியில்லை என்று சொன்ன செவிலியர் மீது எந்த நடவடிக்கையும் கூடாது என்று எழுத்தில் ஆணை வேணும். அடுத்து பேசப்போகிற அக்கா பல வருசமாக மாப் எண்ணுகிறவர். மைக்கை அவர் கையில் கொடுக்கிறேன்.