மூக்குக்கண்ணாடியால் தீராத பார்வைக் குறை
(இலவச மருத்துவ முகாமில் ஆற்றிய உரை)



கண் மருத்துவனாகிய நான், முதலில் நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் டாக்சி ஓட்டுநர் ஒருவர் என்னிடம் வந்தார். வயது 50ஐத் தாண்டியவர். "டாக்டர், இரண்டு முறை வண்டியைத் தூணில் உரசிவிட்டேன். பக்கத்தில் தூண் இருப்பதே தெரியவில்லை" என்றார். எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை படித்தார். படிக்கும் கண்ணாடி எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். எட்டு மாதம் கழித்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அன்றுதான் எதிரே அமர்ந்து, ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்லி, என் விரலைப் பக்கவாட்டில் காட்டினேன். இரு கண்களிலும் வெளிப்புறப் பாதி இருண்டு கிடந்தது.

கோளாறு கண்ணில் இல்லை. மூக்கின் வேருக்குப் பின்னால், மூளையின் அடியில், பட்டாணி அளவில் பிட்யூட்டரி சுரப்பி இருக்கிறது. அதற்குச் சற்று மேலே இரு கண்களின் நரம்புகளும் சந்திக்கின்றன. வெளிப்புறக் காட்சியைச் சுமந்து வரும் இழைகள் அங்கேதான் எதிர்ப்பக்கம் தாண்டுகின்றன. சுரப்பியில் கட்டி வளர்ந்து மேலெழும்பினால் முதலில் நசுங்குபவை பெரும்பாலும் அவையே. நேர்ப்பார்வை வெகுநாள் நன்றாகவே இருப்பதால் நோயாளிக்குத் தெரிவதில்லை. அவசரக்கார மருத்துவருக்கும் தெரிவதில்லை.

இக்கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. புரோலாக்டின் சுரக்கும் கட்டி, காபர்கோலின் மாத்திரையாலேயே பெரும்பாலும் சுருங்கிவிடும். மற்றவை நரம்பை அழுத்தினால் மூக்கின் வழியே அகற்றலாம். 1907இல் ஆஸ்திரியாவில் ஹெர்மன் ஸ்லோஃபர் தொடங்கிவைத்த வழி அது. அழுத்தம் நீங்கியதும் சிலருக்குச் சில நாள்களிலேயே பார்வை தெளிகிறது. ஆனால் நெடுநாள் நசுங்கி மடிந்த இழைகள் மீண்டும் முளைப்பதில்லை. விழித்திரையின் நரம்பிழை அடுக்கை இன்று ஓசிடி கருவி அளந்து காட்டுகிறது. அது மெலிந்திருந்தால் பார்வை மீளும் வாய்ப்பும் குறைவு.

என் நோயாளிக்கு அறுவை நல்லபடியாக முடிந்தது. வலக்கண் பெரிதும் தேறியது. இடக்கண்ணின் வெளிப்பாதி திரும்பவில்லை. டாக்சி ஓட்டுவதை அவர் விட்டுவிட்டார்.

அன்பர்களே, கதவு நிலையில் தோள் இடித்தாலும், பக்கத்தில் வருபவர் தெரியாமல் மோதினாலும் வயதின் மேல் பழி போடாதீர்கள். பெண்களுக்குக் கருவுறாமலே மாதவிலக்கு நின்று பால் கசிந்தாலும், மோதிரமும் காலணியும் இறுகிக்கொண்டே போனாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். திடீரென்று கடுந்தலைவலியும் பார்வை மங்கலும் சேர்ந்து வந்தால் அக்கணமே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கண்ணாடி மாற்றியும் குறை தீராவிட்டால், "பக்கப் பார்வையைச் சோதித்தீர்களா?" என்று கேளுங்கள். அது மரியாதைக் குறைவாகாது. அந்த ஓட்டுநர் என்னைக் கேட்கவில்லை. அவர் கேளாமலே நான் சோதித்திருக்க வேண்டும்.